பைக்குப் போகாத அட்டைகள்

தான் வேலை பார்க்கிற சலவைக் கடையில் மடித்த சட்டைக்குள் வைக்கிற வெள்ளை அட்டை மிச்சப்பட்டால் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். மகள் அதை நான்காக வெட்டி ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லும் மறுபக்கம் தமிழில் பொருளும் எழுதுவாள். அவள் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஒரு ஆங்கிலத் தேர்வு பாஸ் பண்ண வேண்டியிருந்தது. லேசுப்பட்ட ஆங்கிலம் இல்லை. அந்த நாட்டுக்காரர்களே அகராதியைப் புரட்டுகிற ஆங்கிலம்.

தினமும் காலையில் சமையலறை மேசையில் ஒத்திகை நடக்கும். அவருக்கு ஆங்கிலம் சுட்டுப்போட்டாலும் வராது. அதனால் குறையில்லை, பொருள் எழுதிய பக்கம் அவரைப் பார்த்திருக்கும். அவள் சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்ல வேண்டும். சரியென்றால் அட்டை மேசைக்கு, தப்பென்றால் அவர் சட்டைப் பைக்கு. பைக்குப் போனது மறுநாள் முதலில் வெளியே வரும்.

"ஆப்ஸ்டினேட். பிடிவாதமான."

"உங்கம்மான்னு எழுதியிருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும்," என்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த அரைமணி நேரத்தில்தான்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் பெரிய பயணப் பெட்டி ஒன்று வாங்கிவந்து அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மறுநாள் காலை ஒரு அட்டையைப் பார்த்து, "ஃபிரூகல். சட்டுனு உடையக்கூடிய," என்றாள். அவர் பக்கத்தில் 'சிக்கனமான' என்று இருந்தது. பைக்குப் போன கை பாதியில் நின்றது. "சரி," என்று பொருள் பக்கம் கீழே போகும்படி அட்டையை மேசையில் வைத்தார்.

கைதவறிவிட்டது என்று அவருக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம். மனசறிந்து செய்தார். அதன்பிறகு நாளுக்கு ஒன்று, இரண்டு. பெற்ற பெண்ணுக்கே குழி பறிக்கிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெட்டி கண்ணில் பட்டதும் அடங்கிவிடும்.

இரண்டே மதிப்பெண்ணில் தேர்வு போயிற்று. அவள் அழவில்லை. பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த 'சரி' அட்டைகளைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துத் திருப்பினாள். தப்பானவை தனியாகச் சேர்ந்தன. ஐம்பதுக்கு மேல் வந்தது. அவர் வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அப்பா, இதெல்லாம் நான் சரியா சொன்னேனா?"

மறந்திருப்பாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பியிருப்பாள். அதற்கும் வாய் வரவில்லை.

"தப்பாத்தான்மா சொன்னே."

அவள் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்பா?"

"நீயும் போயிட்டா நான் இந்த வீட்டுல யார் மூஞ்சியைப் பாக்கறது?"

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. இருந்திருப்பேனே."

அவருக்குக் கண் கலங்கியது. "இப்ப சொல்றேன். இரும்மா."

"இப்ப முடியாதுப்பா," என்றாள். குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அவள் முன்போலவே சாப்பாடு எடுத்து வைத்தாள், அவருக்கு மாத்திரை வாங்கி வந்தாள், சட்டையில் பித்தான் அறுந்தால் தைத்துக் கொடுத்தாள். பேச்சிலும் குறை வைக்கவில்லை. காலையில் மட்டும் அட்டைகளோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் நாள் அவர் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தார். "வேண்டாம்ப்பா, நானே பாத்துக்கறேன்," என்று அவள் சொன்ன பிறகுதான் மடக்கினார்.

இப்போதும் அந்த நேரத்துக்கு அங்கேயேதான் உட்காருகிறார். கதவுக்கு அப்பால் அவள் சொல்லைச் சொல்வாள், பொருளைச் சொல்வாள், அட்டையைத் திருப்புகிற சத்தம் கேட்கும். சில அட்டைகளுக்குப் பிறகு சற்று நேரம் ஒன்றும் கேட்காது. அது தப்பானது என்று அவருக்குத் தெரியும். அதை அவள் எங்கே வைக்கிறாள் என்றுதான் தெரியவில்லை.