மடிப்பாக்கத்தில் ஒரு சரிவு

லிஸ்பனுக்கு டிக்கெட் போட்ட மறுநாள் எங்கள் வீடு சரியத் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்து, நடையைத் தாண்டி, சமையலறைக்குள் போனது. கிளம்பும் அன்று டாக்ஸிச் சக்கரத்தின் கீழ் வைப்பதற்காக என் மனைவி தமயந்தி வாங்கி வைத்திருந்த பழம்.

மடிப்பாக்கத்தில் மேடு என்றால் வேகத்தடைதான். டிராவல்ஸுக்குப் போன் செய்தேன். ரெஜினா என்ற பெண் எடுத்தாள்.

"நார்மல்தான் சார். அது மேடு பள்ளமான ஊர். நீங்க பழகிக்கறதுக்காக முன்னாடியே கொஞ்சம் அனுப்பிடுவாங்க."

"யார் அனுப்புவார்கள்?"

"ஊர்லேர்ந்துதான் சார்."

மாலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைரமணி தரை மட்டம் பார்க்க ரசமட்டத்தோடு வந்தார். கூடத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி கண்ணாடிக் குழாயை விட்டே போயிருந்தது.

"மூணாவது மாடிக்காரர் லண்டன் போனாரே, அவர் வீட்டுக்குள்ள மாசக்கணக்கா தூறல். கீழ் வீட்டுக்கு ஒரு சொட்டு விட்டாரா? நீங்களும் உங்க சரிவை உங்களோட வெச்சுக்கணும்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியேறினார்.

நான் இருந்த கூடம் மேலே இருந்தது. சமையலறை கீழே இருந்தது. தமயந்தி பயணத்துக்காகப் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது நடை செங்குத்தாகியிருந்தது. அவளுக்கு மூட்டு வலி. ஏற முடியவில்லை.

"திருத்தணிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனை வருஷமா கேட்டேன். அப்ப முடியலை. இப்ப மலையையே வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டீங்க" என்று கீழிருந்து சொன்னாள்.

அவள் மாத்திரைகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு உருட்டிவிட்டேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

தினமும் காலையில் ஒரு டப்பா உருட்டினேன். நடை நீண்டுகொண்டே போனது. முதலில் பதில் உடனே வந்தது. பிறகு நான் பல் தேய்த்து முடித்ததும் வந்தது. பிறகு மத்தியானம் வந்தது.

ஒரு நாள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். தரையில் டைல்ஸ் போய், கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னக் கற்கள் பதிந்திருந்தன. வழுக்கின. நான் இறங்க இறங்கச் சமையலறை அதே அளவு விலகியது. எங்கள் வீட்டில் அவ்வளவு ஜன்னல்கள் கிடையாது. பயந்து திரும்பினேன். கூடம் என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

அன்று மத்தியானம் மஞ்சள் டிராம் ஒன்று வந்து டிவிக்கு முன்னால் நின்றது. உள்ளே பயணிகள் யாரும் இல்லை.

"ஏறுறீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"மனைவி கீழே இருக்கிறாள். சமையலறையில் நிறுத்துவீர்களா?"

"பள்ளத்துல நிக்காது சார். மேட்டுல மட்டும்தான்."

அவர் காத்திருக்கவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதையே கேட்டார். நான் ஏறவில்லை.

அடுத்த நாள் தமயந்தியின் குரல் பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தது. மெலிந்திருந்தது.

"என்னங்க, அடுப்படியில தண்ணி வருது."

"குழாயை மூடினாயா?"

பதிலுக்கு மறுநாள் வரை காத்திருந்தேன்.

"குழாய்த் தண்ணி இல்லைங்க. உப்பு கரிக்குது. முழங்காலுக்கு வந்துடுச்சு."

அது அவள் நேற்றுச் சொன்னது. இப்போது எதுவரை வந்திருக்கும் என்று தெரியவில்லை. ரெஜினாவுக்குப் போன் செய்தேன்.

"கேன்சல் செய்துவிடுங்கள்."

"செய்யலாம் சார். தரை உடனே சமமாயிடும். ஆனா யார் எங்க இருக்காங்களோ, அங்கேயே இருப்பாங்க."

"அவள் எங்கே இருக்கிறாள்?"

"எங்களுக்குக் காட்டாது சார்."

"அவளை மேலே ஏற்ற வழி இல்லையா?"

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "இருக்கு சார். மேட்டை மேடம் பக்கம் மாத்திப் போடலாம். நிறைய பேர் கேக்கறதுதான்."

"அப்படியானால் போடுங்கள்."

"மேடு ஒரு பக்கம்தான் இருக்கும் சார். தெரியும்ல?"

"தெரியும்."

"கன்ஃபர்ம் பண்ணிடவா?"

சமையலறைப் பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு புள்ளிதான் இருந்தது. அதுவும் அவள்தானா என்று தெரியவில்லை.

"பண்ணுங்கள்" என்றேன்.

எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நடையின் கோடியிலிருந்து எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. வேகமாக வந்து என் காலில் இடித்து நின்றது. ஈரமாக இருந்தது.

"வந்துச்சா?" என்று தமயந்தி கேட்டாள். குரல் மிக உயரத்திலிருந்து வந்தது. இப்போது தாமதம் இல்லை. கீழ்நோக்கிச் சீக்கிரம் வரும் போலிருக்கிறது.

"வந்துச்சு" என்று கத்தினேன். பழத்தை எடுத்து மேலே உருட்டினேன். அது என்னிடமே திரும்பி வந்தது.

வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைந்தது. குளிர்ந்திருந்தது. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு மூழ்கியது. சோபா மிதந்தது. சங்கத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கதவு திறக்கவில்லை. பழம் என் இடுப்பைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது.

மேலே டிராம் மணி அடித்தது.

"என்னங்க, மஞ்சளா ஒரு வண்டி வந்து அடுப்புக்கிட்ட நிக்குது. ஏறுறீங்களான்னு கேக்கறார். அங்க தண்ணி இருக்கா? இருந்தா நான் ஏற மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு, கால் விரல்களில் எம்பினேன். முகவாய் தண்ணீருக்கு வெளியே வந்தது.

"இல்லை" என்றேன். "ஏறிக்கோ."