கைலி கட்டிய அப்பா

1

இந்த டீச்சரும் அலையைப் பற்றித்தான் கேட்கப்போகிறார்கள். கேட்கட்டும். மீனை ஆய்ந்து முடிக்கும்வரை நான் தலை நிமிரப்போவதில்லை.

பவுனம்மாள் இப்படி நினைத்தாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் என்னிடம் இதைச் சொல்லவில்லை. 2007 நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு காலை. கிளிஞ்சல்மேட்டில் சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீட்டின் வாசலில் அவள் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் நிமிரவில்லை. குனிந்திருந்த அந்தத் தலைக்குள் மூன்று வாக்கியங்களைப் போட்டுவிட்டேன்.

பிறர் தலைக்குள் வாக்கியம் போடுவது என் பழக்கம். அந்தப் பழக்கம் செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2

அலை வந்த மூன்றாவது வாரம், காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தவர்களுக்குப் படிவம் நிரப்பித் தர ஆசிரியைகள் சிலர் போயிருந்தோம். பவுனம்மாளின் பக்கத்தில் மூன்று வயது மகள் பாரதிப்ரியா, தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பேசுவாளா என்றேன். பேசாது என்றாள் தாய்.

படிவத்தில் 'எப்போதிலிருந்து' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் கேட்கவில்லை. 'அலைக்குப் பிறகு' என்று எழுதினேன். அந்த மண்டபத்தில் வேறு காரணம் இருக்க முடியும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த இரண்டு சொற்களால் பாரதிப்ரியா, பயந்துபோன குழந்தைகளின் குழுவில் சேர்க்கப்பட்டாள். மற்ற பிள்ளைகள் கடலை வரைந்தார்கள், அழுதார்கள், மெல்லத் தெளிந்தார்கள். இவள் கிரேயான்களை வரிசையாக அடுக்கினாள். பயம் தெளிந்தால் பேசிவிடும் என்று அவள் அப்பா ஐயனார் ஒரு வருடம் காத்திருந்தார்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, கீழே தள்ள மனமில்லை: பாரதிப்ரியாவுக்கு இரண்டு வயதானபோதே, அதாவது அலைக்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே, பவுனம்மாள் அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்திருக்கிறாள். குழந்தை உடனே திரும்பியது. பெயரைச் சொன்னாள், திரும்பவில்லை. தட்டு, பெயர், தட்டு, பெயர் என்று ஒரு மத்தியானம் முழுக்க. காது கேட்கிறது, வேறு ஏதோ ஒன்று என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும்.)

3

கேட்க வேண்டியதைக் கேட்டவர் குழந்தைகள் மருத்துவர் சிவசுப்பிரமணியன். 2006 தொடக்கத்தில். சுனாமிக்கு முன்னால் இவள் எதையாவது விரல் நீட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறாளா என்றார்.

பவுனம்மாள் எல்லாவற்றையும் கொட்டினாள். விரல் நீட்டியதே இல்லை. வேண்டியதற்கு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பானைமேல் வைப்பாள். முகம் பார்க்க மாட்டாள். நுனிக்காலில் நடப்பாள். வலையில் கட்டும் மிதவைகளை மணிக்கணக்கில் அடுக்குவாள், ஒன்றை நகர்த்தினால் அலறுவாள். படகு எஞ்சின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வாள்.

ஆட்டிசம் என்றார் மருத்துவர். பயந்த குழந்தை பெரும்பாலும் தன்னிடம் இருந்ததை இழக்கிறது. (ஆட்டிசத்திலும் வந்த சொற்கள் போய்விடுவது உண்டு. இவளுக்கு அதுவுமில்லை.) இவள் மூளை தொடக்கத்திலிருந்தே வேறு விதமாக வளர்கிறது. பெற்றவர்கள் செய்த தவறு எதுவுமில்லை, மாத்திரையால் மாற்றக்கூடியதும் இல்லை. பயிற்சி வேண்டும். பேச்சு வரலாம், வராமலும் போகலாம். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்ல அவளுக்கென்று ஒரு வழியைத் தேட முடியும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

எவ்வளவு சீக்கிரம். ஒரு வருடத்தை நான் என் பேனாவால் தின்றிருந்தேன்.

மண்டபத்தில் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று பிறகு பவுனம்மாளிடம் கேட்டேன். என் மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை.

"நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க டீச்சர். எழுதுறவங்களுக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்."

4

சுனாமியின் மூன்றாம் ஆண்டு நினைவு மலருக்கு நம்பிக்கையூட்டும் கதை ஒன்று வேண்டும் என்று கேட்டவர் தெட்சிணாமூர்த்தி. மலரைத் தொகுப்பவர், நல்ல மனிதர். அலையில் தொடங்கிப் பேச்சில் முடியட்டும் என்றார். முயன்றேன்.

கடல் அந்தச் சிறுமியின் குரலை எடுத்துக்கொண்டு

அலை திரும்பிப் போனபோது அவளுடைய சொற்களும்

[இரண்டும் நல்ல வாக்கியங்கள். இரண்டும் பொய். அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் பார்க்க வேண்டும் என்று. படிவத்தில் எழுதிய அதே இரண்டு சொற்களை இரண்டாம் முறை எழுதப் பார்த்திருக்கிறேன்.]

ஐயனாரிடமும் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் வரைவில் அவரைக் குடிக்க வைத்திருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. அவர் டீ தவிர எதுவும் குடிப்பதில்லை.

5

பயிற்சி தருபவர் நபீசா. படம் ஒட்டிய அட்டைகள் செய்து அவர்கள் வீட்டுக் கதவில் வரிசையாகத் தொங்கவிட்டார். தண்ணீர், முறுக்கு, ஊஞ்சல். வேண்டியதன் அட்டையை எடுத்து ஒருவர் கையில் கொடுத்தால் அது கிடைக்கும். பாரதிப்ரியா இதைப் பிடித்துக்கொள்ள நான்கு மாதம் ஆனது. படத்தையே காட்டிக்கொண்டிருந்தால் வாயைத் திறக்கவே மாட்டாள் என்று ஐயனார் பயந்தார். அட்டை பேச்சைத் தடுக்காது, பல பிள்ளைகளுக்கு அதுவே பேச்சுக்கு வழிவிடும் என்று நபீசா சொல்லிப் பார்த்தார். ஐயனார் தலையாட்டினார், நம்பவில்லை. பேச்சு வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன் என்பார்.

அப்பாவுக்கும் ஓர் அட்டை செய்ய நபீசா அவரைப் படம் எடுக்க அழைத்தார். கல்யாணத்துக்குத் தைத்த பட்டுச் சட்டை, பவுடர், படிய வாரிய தலையுடன் வந்து நின்றார். பாரதிப்ரியா அந்த அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு நபீசா சிரித்தார்.

"மாப்பிள்ள மாதிரி வந்து நின்னா புள்ளைக்கு எப்புடிண்ணே அடையாளம் தெரியும்? தெனம் எப்புடி இருப்பீங்களோ அப்புடி வாங்க."

மறுமுறை கரையிறங்கிய கையோடு வந்தார். ஈரக் கைலி, தலையில் துண்டு. இதைப் போய் யாராவது படம் எடுப்பார்களா என்ற முனகல் வேறு. அந்த அட்டையைப் பாரதிப்ரியா வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

போன வாரம், காலை பத்து மணி. ஐயனார் கடலில் இருந்தார். பாரதிப்ரியா கதவிலிருந்து கைலி அப்பாவை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு வாசலில் போய் நின்றாள். அதுவரை அவள் கேட்டதெல்லாம் பொருள். ஓர் ஆளைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

செய்தி கேட்டு ஐயனார், "என்னையா? என்னையா கேட்டுச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். அந்தக் கைலியைத் துவைக்கக்கூடத் தர மறுக்கிறார் என்று வீட்டில் இப்போது தினமும் சண்டை.

6

தெட்சிணாமூர்த்தி இதுவரை படித்துவிட்டு, அலை இல்லாததைப் பொறுத்துக்கொண்டார். முடிவைப் பொறுக்கவில்லை. அட்டையோடு முடித்தால் மலரில் எடுபடாது, அப்பா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும் என்றார்.

அதனால்தான் இன்று காலை மறுபடியும் பவுனம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். இன்றும் அவள் கையில் மீன்தான். முதலில் அவள் தலைக்குள் நான் போட்ட வாக்கியங்களைப் படித்துக் காட்டினேன்.

"அப்புடியெல்லாம் நெனைக்கல டீச்சர். அன்னிக்கு மத்தி பத்துமான்னு நெனச்சேன்."

[மாற்றவில்லை. என் வாக்கியங்களை நீங்கள் எவ்வளவு நம்பலாம் என்பதற்குச் சாட்சியாக அது அங்கேயே இருக்கட்டும்.]

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் ஐயனார் கரையேறி வருகிறார், பாரதிப்ரியா அட்டையை நீட்டுகிறாள். மற்றதில் அவள் அட்டையைக் கீழே போட்டுவிட்டு அப்பா என்கிறாள். இரண்டாவதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நீங்கள் விரும்பினால் உங்கள் மனதுக்குள் அவளைச் சொல்ல வைத்துக்கொள்ளலாம். நானும் பலமுறை வைத்துப் பார்த்தேன்.

உள்ளே கதவில் அட்டைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசின. பாரதிப்ரியா அவற்றின் அடியில் மிதவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கதைதானே, பவுனு. ஒரு வார்த்தை. சேத்துக்கவா?"

பவுனம்மாள் கையைக் கழுவினாள். முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"அவருக்கு இத யாராவது படிச்சுக் காட்டுவாங்க டீச்சர். அன்னிக்கே அட்டையெல்லாம் கழட்டிருவாரு." சற்று நேரம் மகளையே பார்த்தாள். "அதான் அட்டையக் குடுத்துக் கேட்டாளே. வாயால சொல்றப்ப அவளே சொல்லட்டும். அதுக்கு முந்தி நீங்க சொல்லிராதீங்க."