மரியசுந்தரம் வேண்டாமென்ற தலைப்பு

கதை எழுதுவது ஆரோக்கிய செல்வியின் வேலை. அதற்குத் தலைப்பு வைப்பது அவள் கணவர் மரியசுந்தரத்தின் வேலை. வில்லியனூரை அடுத்த சின்ன ஊரில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த அந்த வீட்டில், செல்வியின் முதல் காதல் நாவல் வெளிவந்த காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு.

செல்விக்கு முந்நூறு பக்கம் எழுத வரும். மூன்று வார்த்தையில் அதைச் சொல்ல வராது. கம்ப்யூட்டரில் அவள் ஒவ்வொரு நாவலையும் எந்தப் பெயரில் சேமிப்பாள் என்று கேட்டால் சிரிப்பு வரும். தூதுவளை, கொள்ளு, வாழைத்தண்டு, நண்டு. எழுத உட்கார்ந்த முதல் நாள் அடுப்பில் என்ன சூப் கொதிக்கிறதோ அதுதான் கோப்பின் பெயர். மரியசுந்தரத்துக்குக் காபி ஒத்துக்கொள்ளாது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிவிட்டுச் சாயங்காலம் வந்தால் அவருக்கு ஒரு டம்ளர் சூப் வேண்டும். பங்குனி வெயிலுக்கு வாழைத்தண்டு, ஆடிக் காற்றுக்குக் கொள்ளு, வயலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசியில் வயல்நண்டு, பனி விழுந்தால் தூதுவளை. சூப் பதத்துக்கு வரக் காத்திருக்கும் நேரத்தில் சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து எழுதிப் பழகியவள் அவள்.

கடைசி அத்தியாயம் முடிந்ததும் மரியசுந்தரம் சூப் டம்ளரோடு உட்கார்ந்து படிப்பார். படித்து முடித்து எழுந்து, கூடத்தில் நடந்தபடி தலைப்புகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். வெறுமனே சொல்ல மாட்டார். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்காரரிடம் கேட்பதுபோலச் சொல்வார். "அண்ணே, 'உன் கொலுசோசை கேட்ட நாள்' வந்துடுச்சா?" நாலு பேர் நிற்கும்போது ஒரு பெண் கூச்சமில்லாமல் அதைக் கேட்க முடியுமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அட்டையில் வரையும் பெண்ணின் தலைக்கு மேலே இரண்டு வரியில் அது அடங்க வேண்டும். போன மாத நாவலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் போக, சென்னையிலிருக்கும் பதிப்பாளர் சிவப்பிரகாசம் எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து எண் சரியில்லை என்பார்; ஓர் "ஓ"வோ "ஆ"வோ கடைசியில் ஒட்டிக்கொள்ளும். உன், என், நீ, நெஞ்சம் இவற்றில் ஒன்றாவது இல்லாவிட்டால் கடைக்காரர்கள் முன்வரிசையில் வைப்பதில்லை என்பதும் சிவப்பிரகாசத்தின் கட்சி. இத்தனைக்கும் நடுவே மரியசுந்தரம் ஒரு தலைப்பைக் கண்டுபிடித்துவிடுவார். செல்வி அதைப் பெரிய காரியமாக நினைத்ததில்லை. கதை தன்னுடையது, அவர் அதற்கு ஒரு பொட்டு வைத்து அனுப்புகிறார் என்றே நினைத்திருந்தாள்.

போன வருஷம் ஆடி மாதம், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. பிரஷ் கையிலிருந்து விழுந்தது. பக்கத்து வீட்டு முத்துக்குமரன் கார் எடுத்து, மூலக்குளம் நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். உயிர் பிழைத்தார். வலது கை பாதி திரும்பியது. பேச்சுத்தான் கலைந்துபோயிருந்தது. கரண்டி கேட்க நினைத்தால் சாவி என்று வரும். மகள் ஷெரினைத் தன் தங்கை பெயரால் கூப்பிடுவார். சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும். தெரிந்ததும் முகம் சுருங்கி, அன்றைக்கு முழுவதும் பேசாமல் இருந்துவிடுவார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஜெயா என்ற பெண் செல்வியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "வார்த்தைங்க உள்ளேதாம்மா இருக்கு. எடுக்கறப்போ பக்கத்துல இருக்கறது கைக்கு வந்துடுது. அவசரப்படுத்தாதீங்க."

விழுங்குவதிலும் சிக்கல் இருந்தது. தண்ணீர்போல் எது குடித்தாலும் புரையேறும், நெஞ்சுக்குள் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் செல்வி சூப் வைக்கும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. முருங்கைக்கீரையைப் பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றி, அரிசிமாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டுவாள். கரண்டியைச் சாய்த்தால் ஓடக்கூடாது, தேன்போல மெல்ல இறங்க வேண்டும். ஆவணியில் பீர்க்கங்காய், மழைக்காலத்தில் முருங்கைக்கீரை, கார்த்திகையில் பறங்கிக்காய் என்று காய் மாறிக்கொண்டு வந்ததே தவிர, அவர் பேச்சில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஒரு டம்ளர் சூப்பை ஸ்பூனால் ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அவள் தன் நாவலை யோசிப்பாள்.

பங்குனியில் வாழைத்தண்டு என்ற பெயரோடு தொடங்கிய நாவல் அது. பாகூர் ஏரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்ணும், வேளாண்மை அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவனும் தினமும் வில்லியனூரில் ஏறிப் பாகூர்வரை ஒரே பஸ்ஸில் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. தை மாதம் புத்தகம் வர வேண்டும் என்று சிவப்பிரகாசம் கேட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கும் அடுப்புக்கும் நடுவே எப்படியோ எழுதி முடித்தாள். தலைப்பு மட்டும் வரவில்லை. அவளாக யோசித்து அனுப்பிய ஏழெட்டையும் சிவப்பிரகாசம் ஒதுக்கிவிட்டார். ஸார் எப்போ சரியாவாரு என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், நல்ல வெயில். பறங்கிக்காய் சூப்பை மேஜையில் வைத்துவிட்டு, போனில் ஷெரினோடு பேசப் போனவள் திரும்பி வர நேரமாகிவிட்டது. மரியசுந்தரம் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளை ஏறிட்டுச் சொன்னார்.

"மழை ஆறிடுச்சி."

செல்வி வாசலைப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. அவர் விரல் டம்ளர்மேல் இருப்பதைக் கண்டதும்தான் புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் ஒரு பக்க உதட்டால் கொஞ்சம் சிரித்தார்.

மறுநாள் சிவப்பிரகாசம் உடம்பு விசாரிக்கப் போன் செய்தபோது இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். உடனே அவர் பரபரப்பாகப் பேசத் தொடங்கினார். மேடம், டைட்டில் கிடைத்துவிட்டது, 'மழை ஆறும் முன்னே', இப்படியொரு தலைப்பு இந்தப் பத்து வருஷத்தில் நம்மிடம் வந்ததில்லை, எண்ணும் சரியாக வருகிறது என்றார். கதையில் மழையே கிடையாதே என்றாள் செல்வி. அதனாலென்ன, நாலு இடத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார்.

அவளுக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். உடம்பு இப்படி ஆன பிறகும் தலைப்பு அவர் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது என்று நினைக்கையில் நெஞ்சு நிறைந்தது. ஷெரின் போனில் செம டைட்டில்மா என்றாள். செல்வி பஸ் நிறுத்தத்தில் ஒரு மழையைப் பெய்யவைத்தாள். கடைசி அத்தியாயத்தில் இன்னொன்று. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் அட்டைப்படம் வந்தது. நனைந்த தாவணியோடு ஒரு பெண், அவள் தலைக்கு மேலே சாய்ந்த எழுத்தில் தலைப்பு. போனை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கணவர் முன்னால் நீட்டினாள்.

இப்போதெல்லாம் அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். மழை என்று படித்தார். ஆறும் என்று படித்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. நீங்க சொன்னதுதாங்க, அன்னிக்கு சூப்பப் பாத்துச் சொன்னீங்களே என்று அவள் விளக்கினாள். அவர் போனைத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"வேணாம்."

"ஏன், நல்லாதானே இருக்கு?"

"தப்பு" என்றார். அடுத்த வார்த்தைக்காக வாய் திறந்து திறந்து மூடியது. செல்வி எடுத்துக் கொடுக்கப் போனாள். அவர் இடது கையை உயர்த்தித் தடுத்தார். "நான்... தப்பா சொன்னது. அத்தப் போயி."

"அழகா இருந்திச்சிங்க. அதான்."

"ஒனக்கு அழகு." மூச்சு வாங்கினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வை அவளை விட்டு நகரவில்லை. "நான் கேட்டது சூப்பு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆடியிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. அது வந்ததற்குச் சந்தோஷப்படக்கூட அவளால் முடியவில்லை. சமையலறைக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் பசியில் கேட்டிருக்கிறார். கேட்க நினைத்தது கைக்கு வராமல் வேறொன்று வந்திருக்கிறது. அதை ஊரெல்லாம் ரசிக்கட்டும் என்று இவள் அட்டையில் போடக் கொடுத்திருக்கிறாள். கடையில் தொங்கும் ஒவ்வொரு பிரதியிலும் அவர் தன் தடுமாற்றத்தைத்தான் பார்ப்பார். பிறர் தலைப்புகளில் நூறு குறை கண்டவர். நீ, நான், நெஞ்சம் என்று எவ்வளவு பழைய தலைப்பாக இருந்தாலும், ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து வைத்தவர். இத்தனை வருஷம் அவர் செய்தது பொட்டு வைக்கும் வேலை இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சேர்த்த மழைகளை மறுநாளே எடுத்துவிட்டாள்.

பிறகு இருவருமாக உட்கார்ந்தார்கள். மொச்சை வரத்துத் தொடங்கியிருந்தது. பச்சை மொச்சையைப் பிதுக்கித் தோல் நீக்கி, இஞ்சி தட்டிப் போட்டு வேகவிட்டு, அது குழையும்வரை அவள் அத்தியாயம் அத்தியாயமாக வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில இடங்களில் கையை ஆட்டி நிறுத்தி, மறுபடி வாசி என்பார். முடிந்ததும் அவள் எழுந்து கூடத்தில் நடந்தாள். அண்ணே, அது வந்துடுச்சா, இது வந்துடுச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். அவர் தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். சிலவற்றுக்கு முகத்தைச் சுளித்தார். ஒன்றுக்கு வாய்விட்டே சிரித்தார். அது மட்டமான தலைப்புத்தான், அவளும் சிரித்தாள். இப்படியே சில நாள் போயிற்று. அவர் அலுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால், ஜெயா கொண்டுவந்து காட்டும் யானைப் படத்தையும் நாற்காலிப் படத்தையும்விட இதற்குத்தான் அவர் ஆர்வமாகத் தயாராகி உட்கார்ந்தார்.

ஒரு நாள் காலையில், ஸ்பூனை அவர் வாயருகே கொண்டுபோனபோது தடுத்துவிட்டு, "பாகூர்" என்றார். தெளிவாக வந்தது. அவருக்கே ஆச்சரியம். கொஞ்சம் காத்திருந்து, "வரைக்கும்" என்றார். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. சூப் ஆறி ஏடு கட்டியது. "உன்னோட" என்று முடித்தார்.

பாகூர் வரை உன்னோடு. அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

சிவப்பிரகாசம் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டை தயார், ஆர்ட்டிஸ்ட்டுக்கு என்ன பதில் சொல்வது, மதுரையில் பாகூர் என்றால் யாருக்குத் தெரியும், ஊர்ப் பெயரைத் தலைப்பில் போடக்கூடாது என்று ஸாரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று அடுக்கினார். எல்லாவற்றையும் செல்வி பொறுமையாகக் கேட்டாள்.

"அவருதான் வச்சாரு சார்" என்றாள். "மழை அவரு வச்சதில்ல."

இரண்டு நாள் கழித்து, அட்டையிலிருந்த பெண்ணுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸை வரையச் சொல்லியிருப்பதாகச் சிவப்பிரகாசம் குரல் பதிவு அனுப்பினார். தாவணி நனைந்தேதான் இருக்கும், அதை மாற்ற நேரமில்லை என்றும் சொல்லியிருந்தார்.

புத்தகம் தை கடைசியில் வந்தது. எப்போதும்போலவே விற்றது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாசியில், சாம்பல் புதன் திருப்பலி முடிந்து இருவரும் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், புத்தகத்தின் பின்னட்டையில் நம்பர் பார்த்ததாகச் சொன்னாள். கதையைப் புகழ்ந்தாள். பிறகு தயங்கி, பாகூர்னு நெசமாவே ஓர் ஊர் இருக்கா மேடம், இல்ல நீங்களா வச்ச பேரா என்று கேட்டாள்.

செல்வி பதில் சொல்லாமல் போனைக் கணவர் காதில் வைத்தாள். அந்தப் பெண் கேள்வியை மறுபடி கேட்டாள். மரியசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வார்த்தையைத் தேடும்போது அவர் புருவம் நெரிவதைச் செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள், எதிர்முனையும் காத்திருந்தது.

"இருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "வாங்க" என்றார்.