புகார் எண் 4127

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் என் அறைக்குள் வர வேண்டுமானால் யாராக இருந்தாலும் தலை குனிய வேண்டும். அதனாலேயே மேனேஜர்கள் யாரும் வருவதில்லை, போனில் கூப்பிடுவதோடு சரி. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு பர்சனல் மேனேஜர் பாலாஜி சார் குனிந்து உள்ளே வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எவாஞ்சலின், நாலாயிரத்து நூத்தி இருபத்தேழாம் நம்பர் கம்ப்ளெயின்ட்ட யார் க்ளோஸ் பண்ணாங்கன்னு பிரிண்ட் எடுத்துக் குடுங்க. மூணு மணிக்கு என்கொயரி. நீங்க கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"நான் எதுக்கு சார் கையெழுத்து?"

"சிஸ்டம் உங்களுதுதானே," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் குனிந்து வெளியே போனார்.

முந்தின நாள் காலை ஷிப்டில் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் முனிலட்சுமியின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கார் கதவுக்குள் போகும் தகடுகளை அழுத்தி வளைக்கும் கம்பெனி எங்களுடையது, ஓசூர் சிப்காட்டில். கை உள்ளே போனால் பிரஸ் தானாக நின்றுவிட ஒரு சென்சார் உண்டு. அது வேலை செய்யவில்லை என்று வெள்ளிக்கிழமையே புகார் பதிவாகியிருந்தது. அதுதான் 4127. பதிந்தது முனிலட்சுமியேதான். 'சென்சார் வேல செய்ல. கை உள்ள போனாலும் நிக்கல' என்று எழுதியிருந்தாள். கல்லாவிப் பக்கத்துப் பெண். போன மாதம் பாஸ்வேர்டு மறந்துபோய் என்னிடம் வந்து, "அக்கா, மறக்காத மாதிரி ஒண்ணு வெச்சிக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் எழுதியதைத் திரையில் மறுபடியும் படித்தேன்.

இந்தப் புகார் சாஃப்ட்வேரை இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் போட்டேன். காசில்லாமல் கிடைப்பது. யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் துடைத்து, அதையே சர்வராக்கி, என் மேஜைக்குக் கீழே வைத்திருக்கிறேன். மிஷின் கெட்டால் ஷாப் ஃப்ளோரில் தூணில் மாட்டிய தொடுதிரை டேப்பில் புகார் போடுவார்கள், பராமரிப்பு ஆட்கள் சரிசெய்துவிட்டு க்ளோஸ் செய்வார்கள். பாக்கி இருப்பதெல்லாம் சுவரில் இருக்கும் பெரிய திரையில் சிவப்பாக ஓடும். க்ளோஸ் ஆனது திரையிலிருந்து போய்விடும்.

போன வாரம் ஆயுத பூஜையன்றுதான் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். பழையதற்கு ஆயுசு முடிந்துவிட்டது என்று ஆறு மாதமாக எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. லைன் நிற்காமல் சர்வரை நிறுத்த முடியாது, வருடத்தில் முழுசாக லைன் நிற்பது அந்த இரண்டு நாள்தான். காலையில் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, தூசு விழாமல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். என் சர்வருக்கும் யாரோ மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுத்திருந்தார்கள். நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். இருந்தாலும் துடைக்கவில்லை. பழைய தரவை ஒன்றுக்கு இரண்டாகப் பிரதி எடுத்து, புதியதை ஏற்றி, ஒரே ஒரு தடவை அது முரண்டு பிடித்ததைச் சமாளித்து, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் ஓட வைத்துவிட்டேன்.

அதனால் என் முதல் சந்தேகம் அந்த மாற்றத்தின் மேல்தான். தரவு இடம் மாறி, ஓப்பனாக இருந்தது க்ளோஸ் ஆகியிருக்குமோ? ஆனால் புகார் வந்தது மாற்றத்துக்கு இரண்டு நாள் கழித்து. பழைய பதிப்பு அதைத் தொட்டதே இல்லை. பதிவைத் திறந்தேன். 'சனிக்கிழமை, மாலை 4.12. ஓப்பன் என்பதிலிருந்து க்ளோஸ்டு. மாற்றியவர்: கங்கப்பன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

கங்கப்பன் பராமரிப்பில் சீனியர் ஃபிட்டர். உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரோடு கன்னடம், எங்களோடு தமிழ். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

அவர் பெயரைப் பார்த்த பிறகும் நான் நம்பவில்லை. சந்தேகப்படுவதற்குத்தானே எனக்குச் சம்பளம். அவருடைய பாஸ்வேர்டில் சூப்பர்வைசர் திம்மப்பன் நுழைந்து போட்டிருக்கலாம். பாக்கிப் புகார் அதிகமானால் திங்கட்கிழமை மீட்டிங்கில் திட்டு வாங்குவது அவர்தான். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினார்கள் என்று பார்த்தேன். தூணில் இருக்கும் டேப்பிலிருந்துதான். ஒருவேளை திம்மப்பன் பக்கத்தில் நின்று போட வைத்திருப்பாரோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்றைக்கு ஃபேக்டரி முழுக்கப் பேயாகத்தான் தெரிந்தது. டீ குடிக்கப் போன இடத்தில் ஆளுக்கொரு கதை. கங்கப்பன் எப்போதுமே வேலை செய்யாமல் க்ளோஸ் செய்கிறவர் என்றார் ஒருவர். திம்மப்பனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை, பழி வாங்கிவிட்டார் என்றார் இன்னொருவர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

கங்கப்பனைக் காலையிலிருந்து செக்யூரிட்டி அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். யூனிஃபார்ம் போட்டிருந்தார், வேலை கொடுக்கவில்லை.

"கங்கப்பண்ணா, சனிக்கிழம நாலு மணிக்கு டேப்ல போட்டது நீங்கதானா?"

"நாந்தான் மேடம். நானே மூடுனன், நானே போட்டன். எத்தன பேரு கேட்டாலும் அதான்."

"யாராச்சும் போடச் சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? சென்சார் பெங்களூர்ல இருந்து வரணும், பத்து நாளாவும்னாங்க. அதான் மூடுனன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சென்சார் வரவில்லை என்று தெரிந்தும் புகாரை மூடியிருக்கிறார், அதையும் கூசாமல் சொல்கிறார். "ஒரு பொண்ணோட கை போயிடுச்சுண்ணா," என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "அத என்னாத்துக்கு என்கிட்ட சொல்றீங்க? மூடுனத எவன் தொறந்தான்னு போயி கேளுங்க. எல்லாரும் என்னயே கேக்கறீங்க."

மூடிய புகாரை வேறு யாரும் திறக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அறைக்குத் திரும்பினேன்.

ஆனால் பொய் சொல்கிறவன் பாதியை ஒப்புக்கொள்வானா? அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருடத்தில் கங்கப்பன் தொட்ட புகார்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் போட்டேன். முந்நூற்றுச் சொச்சம். சரிசெய்த ஒவ்வொன்றிலும் கடைசியில் 'ஓகே' என்று ஒரு வார்த்தை அடித்திருந்தார். தவறாமல். பழைய பதிப்பில் க்ளோஸ்டு போட்டு ஓகே. புதிய பதிப்பில் 'ரிசால்வ்டு' என்ற நிலையைப் போட்டு ஓகே. இரண்டே நாளில் ஐந்து புகாரை அப்படி முடித்திருந்தார். மூன்றில் மட்டும் ஓகே இல்லை. அந்த மூன்றும்தான் க்ளோஸ்டு. மூன்றாம் நம்பர் கம்ப்ரஸர், டூல் ரூம் டிரில்லிங் மிஷின், ஏழாம் நம்பர் பிரஸ்.

காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு ஷாப் ஃப்ளோருக்குப் போனேன். மூன்றாம் நம்பர் கம்ப்ரஸர் நீலத் தார்ப்பாயால் மூடியிருந்தது. சும்மா போர்த்தியிருக்கவில்லை, நைலான் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி, மாட்டைக் கட்டுவது போல இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. டூல் ரூமுக்குப் போனேன். டிரில்லிங் மிஷினும் அப்படியே, அதே முடிச்சு. கெட்ட மிஷினில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும் என்பது சட்டம். அட்டை ஏன் இல்லை என்று கேட்டேன். ஸ்டோரில் தீர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம்.

ஏழாம் நம்பர் பிரஸ்ஸைச் சுற்றி மஞ்சள் பட்டை கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு நீலத் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. மேலே அறுத்த கயிறு.

திம்மப்பன் என்னைப் பார்த்ததும் தானாகவே பக்கத்தில் வந்தார். ராத்திரி தூங்காத கண்.

"பூஜைக்குப் போட்ட தார்ப்பாய தூசுக்கு யாரோ மறுபடியும் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன் மேடம். போன வாரம் ரெண்டு நாள் லீவுல எல்லா மிஷினும் மூடித்தானே இருந்துச்சு? முடிச்சு அவுரல, அறுத்தேன். செவுத்துல பாத்தேன், ஏழாம் நம்பர் இல்ல. அந்தப் பொண்ணு கேட்டா, சரியாயிடுச்சா சார்னு. உன் கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிடுச்சும்மா, ஓட்டுன்னு நாந்தான் சொன்னேன். தேவராணே மேடம்," என்று கன்னடத்தில் சத்தியம் செய்தார். "அவளுக்கு லிஸ்ட் மேல நம்பிக்க. எனக்கும்."

நான் தூணில் இருந்த டேப்பைப் பார்த்தேன். பூஜைக்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. என் அறையில் எனக்கு எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், பழக்கம். ஷாப் ஃப்ளோரில் மட்டும்தான் தமிழ். எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆடிட்டர் வந்தபோது, தொழிலாளர் மொழியில் திரை இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தார். புதிய பதிப்பில் தமிழ் உண்டு, அரைகுறையாக. விட்டுப்போன சொற்களைப் பூஜையன்று மதியம் நானே உட்கார்ந்து நிரப்பினேன். அகராதி பார்த்து, நல்ல தமிழாக. ரொம்பப் பெருமையாகக்கூட இருந்தது.

டேப்பில் ஒரு புகாரைத் தொட்டேன். நிலையை மாற்ற ஒரு பட்டியல் விரிந்தது. திறந்தது. தீர்ந்தது. மூடப்பட்டது.

க்ளோஸ்டு என்பதற்கு நான் போட்ட சொல் அந்தக் கடைசியது. இங்கே க்ளோஸ் என்றால் புகார் முடிந்தது என்று துப்புரவு செய்கிறவருக்குக்கூடத் தெரியும். அது ஓசூர்த் தமிழ். மூடப்பட்டது என்றால் மூடப்பட்டதுதான். கங்கப்பன் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். மிஷினை மூடினார், கயிறு கட்டினார், மூடப்பட்டது என்று போட்டார். யாரும் தொடக் கூடாது என்று தன்னாலான அத்தனையும் செய்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். சர்வருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்கு அந்த நிலை வெறும் ஐந்தாம் நம்பர். ஐந்து என்றால் சுவரிலிருந்து எடுத்துவிடும்.

அறைக்குத் திரும்பியபோது மணி இரண்டே கால். பிரிண்டரில் நான் காலையிலேயே எடுத்த தாள் கிடந்தது. ஓப்பன், க்ளோஸ்டு, கங்கப்பன், 4.12. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் எதையும் அழிக்க வேண்டாம், திருத்த வேண்டாம். கையெழுத்துப் போட்டால் போதும். யாராவது டேப்பைப் போய்ப் பார்ப்பார்களா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்தச் சொல்லை மாற்றிவிட்டால் அதுவும் இல்லை, ஒரே வரி, அரை நிமிடம். அந்த வரி இருக்கும் கோப்பைத் திறந்துகூட விட்டேன். வேலையில் சேர்ந்து ஐந்து வருடம், போன மாதம்தான் என்னை நிரந்தரம் ஆக்கியிருந்தார்கள். காலையிலிருந்து ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டவள், என்னை மட்டும் எப்படிக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன் என்று நினைக்க அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயம்தான் அதிகம்.

போன் அடித்தது. "பிரிண்ட் ரெடியா?" பாலாஜி சார்.

"சார், அதுல ஒரு விஷயம் இருக்கு. கொஞ்சம் வந்து டேப்ப பாத்தீங்கன்னா..."

"யார் பேர் இருக்கு? கங்கப்பன்தானே?"

"ஆமா சார், ஆனா..."

"அது போதும். வேற எதுவும் நீங்க கொண்டு வர வேணாம். எடுத்துட்டு வாங்க," என்று வைத்துவிட்டார்.

டேப்பில் என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியுமோ என்று ஒரு கணம் தோன்றியது. தெரியாமலும் இருக்கலாம். இனி அது யாருக்குத் தெரியும்?

அந்தக் கோப்பை மாற்றாமல் மூடினேன். மூடினேன் என்றுதான் எனக்கே வாயில் வருகிறது. பிறகு எல்லோரையும் போலப் புதிய புகார் ஒன்று பதிந்தேன். எண் 4131. 'டேப்பில் மூடப்பட்டது என்ற சொல்லைப் போட்டது நான். கங்கப்பன் மூடியது மிஷினை. புகாரை அல்ல. கம்ப்ரஸரும் டிரில்லிங் மிஷினும் இன்னும் கெட்டுத்தான் இருக்கின்றன, யாரும் ஓட்ட வேண்டாம்.' பொறுப்பு என்ற இடத்தில் எவாஞ்சலின் என்று அடித்தேன். பதிவு செய் என்ற பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. மேஜைக்குக் கீழே விபூதிப் பட்டையோடு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தினேன்.

கையெழுத்துப் போடாத தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மீட்டிங் ரூமுக்கு ஷாப் ஃப்ளோரைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு முன்னால் கங்கப்பனைச் செக்யூரிட்டி கூட்டிக்கொண்டு போனான். சுவரில் இருந்த பெரிய திரையில் புதிதாக ஒரு சிவப்பு வரி ஏறியிருந்தது. கங்கப்பன் நின்றார். நடக்கச் சொல்லி செக்யூரிட்டி தோளைத் தொட்டதும் கையை விலக்கிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போனார். எண்ணெய்க் கறை படிந்த விரலைக் கண்ணாடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். உதடு அசைந்தது. 'மூடப்பட்டது' என்ற இடத்தில் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு மெதுவாக, வரியின் கடைசியில் இருந்த என் பெயரை நோக்கி நகரத் தொடங்கியது.