பில்லில் ஏறாத வெயில்

கரண்ட் பில் குறுஞ்செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ஒருவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். ஊசி கையில் இருக்கும்போது போனைப் பார்க்கக் கூடாது என்று மற்ற பெண்களுக்குச் சட்டம் போட்டவளே நான்தான். அன்றைக்கு நானே பார்த்தேன். வீட்டில் சோலார் போடுவதற்கு முன்னால் வந்த பில்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

"சீக்கிரம் குத்துங்கம்மா, பயமா இருக்கு" என்றார் அந்த ஆள். உங்களைவிட எனக்குத்தான் அதிகம் என்று சொல்லவா முடியும்?

என் பயம் பணத்துக்காக இல்லை. தம்பி பாண்டிதுரை திருப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, சோலார் மாட்டுகிற தொழிலில் சொந்தமாக இறங்கியிருந்தான். ராஜபாளையத்தில் எங்கள் மொட்டைமாடிதான் அவனுக்கு முதல் வேலை. இரண்டாவது வேலை கிடைத்தால் தொழில் நிற்கும், இல்லாவிட்டால் மறுபடி திருப்பூர்தான். அந்த இரண்டாவது வேலையும் என் கையில்தான் இருந்தது. எங்கள் நிலையத்தில் கணக்குப் பார்க்கிற ஸாவித்ரி மாமி வீட்டில் சோலார் போட யோசித்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் கணவர் சம்பத்குமார் கண்ணால் பார்க்காத எதையும் நம்பாத மனிதர். "ஜெயசித்ரா ஆத்துக்கு முழுசா ஒரு பில் வரட்டும், அதைப் பார்த்துட்டு அட்வான்ஸ் தரேன்" என்று சொல்லியிருந்தார். அந்த முழு பில்தான் இப்போது வந்து நிற்கிறது.

மோப்பம் பிடித்தாற்போல மாமி வந்தார். "என்னடி ஜெயா, பில் வந்துடுத்தோ?"

"இன்னும் இல்ல மாமி."

எனக்குப் பொய் சொல்ல வராது. கோபப்படத்தான் வரும். மாமி என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து பில்லின் முழு விவரத்தையும் போனில் இறக்கிப் பார்த்தேன். பாண்டிதுரை மாட்டிய அன்றே எனக்கு விளக்கியிருந்தான். "வெயில் முதல்ல வீட்டுச் செலவுக்குப் போவும், பொறவு பேட்டரிக்குப் போவும். பேட்டரி ரொம்பிட்டா மிச்சம் ஈ.பி. லைனுக்குப் போயிரும். ராத்திரி பேட்டரி ஓட்டும், பத்தலைன்னா லைன்ல இருந்து வாங்கும். வாங்கினதுல குடுத்ததைக் கழிச்சுத்தான்க்கா பில்லு."

பில்லில் இரண்டும் தனித்தனியாகவே இருந்தன. லைனிலிருந்து நாங்கள் வாங்கியது ஏறக்குறைய பழைய அளவு. நாங்கள் கொடுத்தது ஒரு சிட்டிகை. அக்கினி நட்சத்திரமும் சேர்ந்து ஊரையே வறுத்தெடுத்த இரண்டு மாதம் அது. மொட்டைமாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. அத்தனை வெயிலும் எங்கே போய்த் தொலைந்தது?

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் மாடிக்கு ஏறினேன். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வயர் இழுத்திருக்கிறார்களோ என்று சுவரை எட்டிப் பார்த்தேன். வற்றல் எடுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டம்மா "ஏமி அக்கா?" என்று தெலுங்கில் என்னவென்று கேட்டுச் சிரித்தார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கீழே என் கணவர் காமராஜ் ஹாலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நூற்பு மில்லில் ஃபிட்டர். காலையில் எனக்குப் பின்னால் கிளம்பி, சாயங்காலம் எனக்கு முன்னால் வந்துவிடுவார். கொஞ்ச நாளாக ஹாலிலேயே படுத்துக்கொள்கிறார். உள்ளே புழுக்கம் என்று சொன்னார், நானும் விட்டுவிட்டேன். பில்லை நீட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"கூடத்தான் வந்துருக்கு" என்றார்.

"கூட வந்துருக்குன்னா? இவன் என்ன சாமானைக் கொண்டுவந்து மாட்டியிருக்கான்னு யோசிக்க வேண்டாமா?"

அவர் பில்லைத் திருப்பிக் கொடுத்தார். பேசாத மனுஷனிடம் கத்தி என்ன பிரயோசனம் என்று தம்பிக்குப் போன் போட்டேன். அவன் வத்திராயிருப்பில் வேறொரு ஆளிடம் தினக்கூலிக்குப் பேனல் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, அக்கா வீடுதானேன்னு கழிச்சுப் போட்ட பேனலை எந்தலையில கட்டிட்டியா?"

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, நீ யார்கிட்ட என்ன பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?" என்றான்.

"தெரிஞ்சுதான் பேசுதேன். பில்லு கையில இருக்கு. பேட்டரியும் வேணும்னு நின்னவன் நீதான. எம்புட்டு அடிச்ச அதுல?"

"ஞாயித்துக்கிழமை வாரேன். வந்து பாக்கேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லிராதக்கா. ஒங்கால்ல விழுதேன்."

நான் பேசி முடிப்பதற்குள் என் கணவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். தம்பி பேரில் அவருக்கும் கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமி விடவில்லை. "பில் வந்திருக்குமேடி? எங்காத்துக்காரர் ராத்திரி பூரா அதே பேச்சு." மாமி மதியச் சாப்பாட்டில் எனக்குப் பாதி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். தம்பி கெஞ்சியதும் காதில்தான் இருந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"மாமி, எந்தம்பிங்கிறதுக்காக ஒங்களைக் குழியில தள்ள மாட்டேன். அவன்கிட்டப் போடாதீங்க" என்றேன்.

சொன்னபோது மனது லேசாக இருந்தது. நியாயமாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் அந்த லேசு போய்விட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடினான் என்று யாரோ சொன்னதற்கு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த பையன் அவன். அவனா என்னை ஏமாற்றுவான்? ஏமாற்றவில்லை என்றால் வெயில் எங்கே? ஒரு ரத்தக் குப்பியில் பெயர் மாற்றி ஒட்டிவிட்டு, நல்லவேளை, உடனே கண்டுபிடித்தேன். எனக்கு அப்படி நடந்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டிதுரை வந்தான். காபி வேண்டாம் என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மாடிக்குப் போய்ப் பேனலைப் பார்த்தான், வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஹாலில் மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டரும் பேட்டரிப் பெட்டியும் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் வைஃபை இல்லை, அதனால் அவன் போனிலிருந்து பார்க்க வழியில்லை. இன்வெர்ட்டரின் சின்னத் திரையில் பித்தானை அமுக்கி அமுக்கி நாள்வாரியாகப் பார்த்தான். அவன் மேல் தப்பு இருக்கக் கூடாதே என்றும் எனக்கு இருந்தது. தப்பு இல்லாவிட்டால் நான் பேசிய பேச்சுக்கு என்ன செய்வேன் என்றும் இருந்தது.

"அக்கா, இங்க வா" என்றான். "ஒங்க வீட்டுல சூரியன் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் உதிக்கா?"

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமைக் கோடு உசரமாக நின்றது. மற்ற ஆறு நாளும் தரையோடு தரையாகக் கிடந்தன. வாராவாரம் அதேதான்.

"பேனல் கெட்டிருந்தா ஞாயித்துக்கிழமையும் வராது. எவனோ தெனமும் ஆஃப் பண்ணுதான்."

எனக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. என் கணவர் எழுந்து நின்றார். "நாந்தான் மாப்ள. பேனல் சுவிட்சு, பேட்டரி சுவிட்சு ரெண்டையும் எறக்கிட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

"எதுக்கு மச்சான்?"

"வீட்டுல ஆளில்லையே. ஆளில்லாத எடத்துல கரண்டு ஓடக்கூடாது. மில்லுல மிஷின் நின்னுச்சுன்னா, கடைசியா வெளிய வார ஆளு மெயினை எறக்கிட்டுத்தான் வரணும். பஞ்சு கெடக்க எடம்லா. ஃப்ரிட்ஜு ஓடட்டும்னு லைனை மட்டும் விட்டுட்டு இதை எறக்கிருவேன். சாயங்காலம் வந்ததும் ஏத்திவிட்டுருவேன். பகல்ல நாமதான் யாரும் செலவழிக்கலையே, அதுல என்ன கொறையப் போவுதுன்னு நெனச்சேன்."

பாண்டிதுரை தலையில் கைவைத்துக்கொண்டான். "மச்சான், யாரும் செலவழிக்காத நேரத்துக் கரண்டுதான் நமக்கு வரவே. அதைத்தான் லைனுக்குக் குடுத்து ராத்திரி வாங்கினதைக் கழிக்கோம். நீங்க சுவிட்சை எறக்கிட்டா வெயிலு பேனல்ல சேந்தா இருக்கும்? அன்னன்னைக்கு உள்ளது அன்னன்னைக்குப் போயிரும். பேட்டரியும் ரொம்பாது."

"நீ போன்ல அவனைத் திட்டும்போதே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு சித்ரா. சொல்ல வாய் வரலை" என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெரிய ஃபிட்டர்! ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவீங்க? அப்படி என்ன பயம் இந்தப் பெட்டிக்கு?"

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு மில்லில் வேலை பார்த்தபோது, பஞ்சு பிரிக்கிற ரூமில் தீப்பிடித்திருக்கிறது. கூட வேலை பார்த்த மாரிச்சாமி உள்ளே மாட்டிக்கொண்டான். கதவைத் திறந்தபோது வெறும் புகைதான் வந்ததாம், சத்தமே இல்லையாம். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் அவர் சொன்னதில்லை.

"ராத்திரி நீ தூங்கிருவ. நான் இந்தப் பெட்டியில எரியுத பச்சை லைட்டைப் பாத்துக்கிட்டே கெடப்பேன். செவப்பா மாறிருமோன்னு."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேனே. பேனல் மட்டும் போதும், பேட்டரி வேண்டாம்னு சொன்னேன்."

சொல்லியிருந்தார். நானும் தம்பியும் மழைக்காலத்தில் கரண்ட் போகிற கதையைப் பேசி அவர் வாயை அடைத்துவிட்டோம். காரணம் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

பாண்டிதுரை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இந்த வகைப் பேட்டரி லேசில் தீப்பிடிக்காது என்றான், உள்ளே என்னென்ன பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டினான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பயம் விளக்கத்துக்குப் போகாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. "வெளிச்சுவத்துல நெழல் பாத்து மாட்டிருதேன் மச்சான். வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். "சரிக்கா. ஸாவித்ரி மாமிகிட்ட இதையே சொல்லிருவோம். அடுத்த பில்லு வரைக்கும் பொறுக்கச் சொல்லு."

நான் சுவரைப் பார்த்தேன்.

"அக்கா. சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசித் தேறியிருப்பேன்.

என் கணவர்தான் சட்டையை மாட்டினார். "கெளம்புங்க. நான் வந்து சொல்லுதேன்." கல்யாண வீட்டில்கூட ஒதுங்கி நின்று சாப்பிட்டுவிட்டு வருகிற மனுஷர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டுக் கூடத்தில், முன்பின் தெரியாத சம்பத்குமாருக்கு முன்னால், தீப்பிடித்த கதை முதல் சுவிட்சை இறக்கிய கதை வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில், "சாமான்ல கொறை இல்லை சார். என் பயந்தான் கொறை" என்றார். அவர் கை சட்டை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் அந்தக் கூடத்தில் கூச்சமாக இருந்தது.

சம்பத்குமார் முழுக்கக் கேட்டார். "இவ்வளவு தூரம் வந்து யார் சொல்லுவா? ரொம்பப் பெரிய மனசு. ஆனா முந்தாநேத்தே வேற ஒருத்தருக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனே" என்றார்.

மாமி என்னைத்தான் பார்த்தார். "நீதானேடி வேண்டாம்னே? கூடப்பிறந்தவளே சொல்றாளேன்னுதான் நாங்க..."

பாண்டிதுரை "பரவாயில்ல மாமி" என்று கும்பிட்டான். திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

மறுநாளே தம்பி வந்து பேட்டரியை வெளிச்சுவருக்கு மாற்றினான். நாள் முழுக்க ஆனது. கூலி கொடுத்தபோது வாங்கவில்லை. எந்தச் சுவிட்சைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று மச்சானுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அந்த வாரக் கடைசியில் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். பழைய கம்பெனியில் பழைய வேலை கிடைக்கவில்லை, அதைவிடக் கீழே ஒன்று கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பில் வந்தது. நாங்கள் வாங்கியதைவிடக் கொடுத்தது கூட. கட்ட வேண்டியது பேருக்கு ஏதோ ஒரு சின்னத் தொகை. சம்பத்குமார் கேட்டது இப்படி ஒரு பில்லைத்தான். நிலையத்தில் ஒரு மூலையில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாமி தாண்டிப் போனார், இப்போதெல்லாம் பில்லைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் காட்டவில்லை.

தம்பிக்கு அனுப்பினேன். ஷிப்டில் இருந்திருப்பான், சாயங்காலம்தான் பதில் வந்தது. 'நல்லதுக்கா. மச்சான் இப்ப தூங்குதாரா?'

'நல்லாத் தூங்குதாரு' என்று அனுப்பினேன். நான் தூங்குகிறேனா என்று அவன் கேட்கவில்லை.