திறக்காத நானூற்றுப் பன்னிரண்டு மெயில்கள்

மாணவர் நலப்பிரிவுக்குப் பேருந்து ஓட்டுநர்கள் வருவது வழக்கமில்லை. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, நீலச் சீருடையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றபோது, யாருடைய காரையோ நகர்த்தச் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் அக்கா நினைத்தாள்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாணவர்கள் கூப்பிடுவதில் தப்பில்லை. அவளைவிடப் பத்து வயது மூத்த தேர்வுப்பிரிவு அதிகாரியும் அப்படியே கூப்பிடுவதுதான் கொஞ்சம் உறுத்தும். ஜெராக்ஸ் அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் அவளுடைய அறை. யாராவது தடதடவென்று படியிறங்கினால் மேஜைமேல் பேனா உருளும். படிக்க முடியாமல் தடுமாறும் பிள்ளைகளின் கோப்புகள் அவளிடம் இருந்தன. மருத்துவர் மருந்து கொடுப்பார், ஆலோசகர் மனசைக் கேட்பார், ஆசிரியர் பாடம் நடத்துவார். இவர்கள் மூவரும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை நினைவில் வைத்திருப்பது அக்காவின் வேலை. இதற்கு முன்னால் எட்டு வருஷம் விமான நிலையத்தில், காணாமல்போன பெட்டிகளுக்கான மேஜையில் இருந்தாள். ஆகவே தொலைந்ததைத் தேடுவது அவளுக்குப் புதிதில்லை.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் ஓட்டுநர். "ஏழாம் நம்பர் பஸ் ஓட்டறேன். உங்க மாணவி ஒரு பொண்ணு மூணு வாரமா என் பஸ்லயே இருக்கு."

"இருக்குன்னா?"

"இருக்குதுங்க. காலைல ஏழே முக்காலுக்கு ஏறும். உங்க கேட்டுல எல்லாரும் இறங்குவாங்க, அது மட்டும் இறங்காது. கடைசி ஸ்டாப், திரும்ப முதல் ஸ்டாப், மறுபடி கடைசி ஸ்டாப். சாயங்காலம் நாலரைக்குத்தான் இறங்கும். எனக்குச் சம்பளம் தர்றாங்க, சுத்தறேன். அது எதுக்குச் சுத்துது?"

"பேசிப் பாத்தீங்களா?"

"பாஸ் வச்சிருக்கு, நான் என்னன்னு கேக்க? மடியில ஒரு கெமிஸ்ட்ரி புத்தகம். தினம் அதே பக்கம்தான் திறந்திருக்கும். நேத்து ஒரு வயசானவங்க எங்க இறங்கறதுன்னு தெரியாம முழிச்சாங்க. இந்தப் பொண்ணு எழுந்து வந்து, இன்னும் ஆறு ஸ்டாப் இருக்குன்னு வரிசையா பேரு சொல்லிச்சு. எனக்கே ரெண்டு பேரு மறந்து போச்சு, அதுக்கு மனப்பாடம். அப்பதான் எனக்கு பக்குனு ஆச்சு. எனக்கும் பொண்ணு இருக்குங்க."

அக்கா எழுந்து அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். "இனிமே நான் பாத்துக்கறேன். ஆனா என்ன ஆச்சுன்னு உங்ககிட்ட வந்து சொல்ல முடியாது. அது அந்தப் பொண்ணோட சமாச்சாரம்."

"சொல்ல வேணாம் மேடம். பஸ்ஸ விட்டு இறங்கினாப் போதும்" என்றார் அவர்.

அவர் போனதும் அக்கா தொலைபேசியை எடுத்தாள். வேதியியல் துறையில் கேட்டபோது, இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் ஒரு மாதமாக வரவில்லை, ஊருக்குப் போயிருப்பாள் போல என்றார்கள். பெயரை வாங்கி ஹாஸ்டல் வார்டனைக் கேட்டாள். "அந்தப் பொண்ணா? தங்கமான பொண்ணாச்சே! ஏழரை மணிக்கு டாண்ணு கிளம்பிடுவா" என்றார் வார்டன். நூலகத்தில், புத்தகம் திரும்ப வரவில்லை என்று ஐந்து மெயில் அனுப்பியும் அசையாத கல்நெஞ்சுக்காரி என்றார்கள். ஒரே பெண்தான், ஓர் இடத்தில் உத்தமி, ஓர் இடத்தில் ஊருக்குப் போனவள், இன்னோர் இடத்தில் கல்நெஞ்சுக்காரி. மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை.

மறுநாள் காலை பல்கலைக்கழக வாசலில் ஏழாம் நம்பர் நின்றது. இறங்கும் கூட்டத்தில் இடிபட்டு, யாரோ ஒருவரின் முதுகுப்பை முகத்தில் மோத, அக்கா ஒருவழியாக ஏறிவிட்டாள். பின்பக்கம் ஜன்னலோரத்தில் அந்தப் பெண் இருந்தாள். ஒல்லியான உருவம், மடியில் புத்தகம்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் மாணவர் நலப்பிரிவுல இருக்கேன்மா. உன்னத் திட்ட வரல. இழுத்துட்டுப் போகவும் வரல. இந்த பஸ்ல ஒரு சுத்து வரலாம்னு வந்தேன்."

அந்தப் பெண்ணின் முகம் பேயறைந்தது போலாயிற்று. புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஐந்தாவது நிறுத்தம் தாண்டியதும் அவள் மெல்லச் சொன்னாள்: "அடுத்தது தீயணைப்பு நிலையம்க்கா. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வெயில் அடிக்கும். அந்தப் பக்கம் மாறிக்கலாம்."

மாறி உட்கார்ந்தார்கள். அதன்பிறகு பேச்சு தானாக வந்தது. செமஸ்டர் ஆரம்பத்தில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாளாம். ஆய்வக அறிக்கை ஒன்றைக் கொடுக்க முடியவில்லை. அதைக் கொடுக்காமல் எப்படி முகத்தில் முழிப்பது என்று அடுத்த வகுப்புக்குப் போகவில்லை. போகாததற்குக் காரணம் சொல்லப் பயந்து அதற்கடுத்ததும் போகவில்லை. ஆய்வகப் பாடம் எடுக்கும் பேராசிரியர் வேறு, பேசினாலே கட்டடம் அதிரும். அவர் பெயரில் மெயில் வந்தால் கை சில்லிட்டுப் போகுமாம். அதனால் மெயில் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ரூமில் இருந்தால் தோழிகள் கேட்பார்களே என்று காலையில் கிளம்பிவிடுவாள்.

அக்கா குரலைத் தாழ்த்தி, சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா? உண்மையச் சொல்லு. எதைச் சொன்னாலும் நான் பதற மாட்டேன்."

அந்தப் பெண் அவளை நேராகப் பார்த்தாள். "இல்லக்கா, சத்தியமா இல்ல. வேற ஊருக்குப் போய், வேற பேரு வச்சுக்கிட்டு, பூக்கடை எதுலயாவது வேலை பாக்கலாம்னு தோணும். அங்க யாரும் ரிப்போர்ட் கேக்க மாட்டாங்க."

"பூக்கடையிலயும் கேப்பாங்கம்மா. வாடிப் போன பூவுக்குக் கணக்குக் கேப்பாங்க."

அந்தப் பெண்ணின் உதட்டோரம் லேசாக அசைந்தது. திரும்பி வரும்போது பல்கலைக்கழக வாசலில் இருவரும் இறங்கினார்கள். ஓட்டுநர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைத் துடைப்பதில் அப்படியொரு மும்முரம் அவருக்கு.

அறைக்கு வந்ததும் அக்கா நாற்காலியைத் தன் மேஜைக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டாள். மெயிலைத் திறந்தார்கள். திறக்காதவை நானூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ பாக்க வேணாம், நான் படிக்கறேன். முதல்ல குப்பையக் கூட்டுவோம்" என்றாள் அக்கா. "நூலகத்துல பயிற்சி வகுப்பு... நூலகத்துல பயிற்சி வகுப்பு... இவங்களுக்கு வேற வேலையே இல்லியா? அடுத்தது, நீச்சல் குளத்துப் பக்கம் கார் நிறுத்தத் தடை. உனக்குக் கார் இருக்கா?"

"சைக்கிளே இல்லக்கா."

"அப்புறம் உனக்கு எதுக்கு இத முப்பத்தோரு தடவ அனுப்பியிருக்காங்க?"

அந்தப் பெண் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றையும். பிரதான அலுவலகம் 'அவசரம்' என்று தலைப்பிட்டு, காணாமல்போன குடை ஒன்றைப் பற்றி அனுப்பியிருந்ததைப் படித்தபோது, அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். முக்கால் மணி நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பத்தொன்பதாகக் குறைந்தது. அதில் மூன்று பேராசிரியரிடமிருந்து வந்தவை. அக்கா விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினாள்.

முதலாவது இப்படி இருந்தது: 'காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறிக்கையை மெதுவாகத் தரலாம்.' இரண்டாவது: 'உங்களுடைய போன செமஸ்டர் அறிக்கையை முதலாமாண்டு மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாமா?' மூன்றாவதில் இரண்டே வரி: 'பதிலே இல்லை. நான் ஏதாவது கடுமையாகப் பேசிவிட்டேனா?'

அந்தப் பெண் மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அக்கா தடுக்கவில்லை, தண்ணீரை மட்டும் பக்கத்தில் வைத்தாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கெல்லாம் இப்ப என்னன்னுக்கா பதில் எழுதறது?"

"எழுத வேணாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேர்ல போறோம், நானும் வர்றேன். நாளைக்கு ஆலோசகரப் பாரு. இன்னிக்கு மத்தியானம் ஒழுங்கா உக்காந்து சாப்பிடு. இவ்வளவுதான் இந்த வாரத்துக்கு."

வியாழக்கிழமை ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமைதான் வண்டி தடம் புரண்டது. காலையில் பேராசிரியரைத் திடீரென்று ஒரு கூட்டத்துக்கு அழைத்துவிட்டதால் சந்திப்பு பதினொன்றுக்குத் தள்ளிப்போனது. அக்கா அதை அந்தப் பெண்ணுக்குத் தெரிவித்தாள். தெரிவித்தது மெயிலில். மெயில் என்றாலே கை சில்லிடும் பெண்ணுக்கு மெயில்! பதினொன்றுக்குப் பேராசிரியரின் அறை வாசலில் காத்து நின்று, யாரும் வராதபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். போன் அடித்தாள், எடுக்கவில்லை. ஹாஸ்டலில் இல்லை. ஏழாம் நம்பரிலும் இல்லை என்று போனில் சொன்னார் ஓட்டுநர். பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஓடலாம் என்று வேதியியல் கட்டடத்தின் பின்படி வழியாக இறங்கியவள், இரண்டாம் மாடித் திருப்பத்தில் கிட்டத்தட்ட அவள் மேலேயே தடுக்கி விழப் பார்த்தாள்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். "ஒன்பதரைக்கே வந்துட்டேன்க்கா. பத்து மணிக்குக் கதவுகிட்டப் போனேன். உள்ள சார் பயங்கரமா கத்திட்டிருந்தார். 'ஒரு மாசமா ஏமாத்தறீங்க, இனிமே ஒரு நாள் கூடப் பொறுக்க மாட்டேன்'னு. என்னத்தான் சொல்றார்க்கா. இங்கருந்து எழுந்துக்கவே முடியல."

அக்கா அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முதல்ல என்னத் திட்டு. நேரம் மாறினத நான் போன்ல சொல்லியிருக்கணும். தப்பு எம்மேல."

அக்கா கையை நீட்டினாள், அவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் எழுந்து போய்க் கதவைத் தட்டினார்கள்.

"வாங்க! உக்காருங்க!" என்று உள்ளிருந்து இடி இடித்தது. தலை நரைத்த பேராசிரியர் நாற்காலியில் கிடந்த காகிதங்களைத் தரையில் இறக்கினார். அந்தப் பெண் மெல்லிய குரலில், "சார், காலைல நீங்க கோவமா..." என்று இழுத்தாள்.

"என்னது?" என்று காதைத் திருப்பினார் அவர்.

அக்கா உரக்கக் கேட்டாள்: "காலைல யாரையோ திட்டிட்டிருந்தீங்களாமே!"

"அதுவா! கூட்டத்துக்கு நடுவுல ரூமுக்கு வந்து கடைக்காரன்கிட்ட போன்ல பேசினேன். என் காது மெஷின் போன செமஸ்டர்லயே பழுது, ரிப்பேருக்குக் குடுத்தே ஒரு மாசமாச்சு. நாளைக்கு, நாளைக்குன்னு இழுக்கறான். அது இல்லாம நான் பேசறது எனக்கே கேக்க மாட்டேங்குது. பசங்க எல்லாம் என்னப் பாத்தாலே ஒதுங்கறாங்க, ஏன்னே தெரியல!"

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். அக்கா கூரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க இருவரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. ஆய்வகப் பாடத்தையும் இன்னொரு பாடத்தையும் அடுத்த பருவத்துக்குத் தள்ளினார்கள். மற்ற மூன்றையும் இப்போதே முடிப்பது. தேர்வுப்பிரிவுப் படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும், மருத்துவருக்கோ துறையின் கடிதம் வேண்டும், துறைக்குத் தேர்வுப்பிரிவின் படிவம் வேண்டும். அக்கா மூன்று காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரே மத்தியானத்தில் மூன்று இடத்திலும் போய் நின்று வாங்கிவந்தாள்.

கடைசியாக மிஞ்சியது அம்மா. தூரத்து ஊரில் சலவைக்கடை நடத்துபவர். தினமும் மகளோடு போனில் பேசுவார். மகளும் நடக்காத வகுப்புகளைப் பற்றித் தினமும் ஒப்பிப்பாள். அக்காவின் அறையிலிருந்தே அந்தப் பெண் அழைத்தாள்.

"அம்மா, நான் ஒரு மாசமா க்ளாஸ் போகலம்மா. பயமா இருந்திச்சு. பஸ்ல சுத்திட்டிருந்தேன்."

மறுமுனையில் சலவை இயந்திரத்தின் சத்தம் நின்றது. "அப்ப தினம் மத்தியானம் கேன்டீன்ல சாப்பிட்டேன்னு சொன்னியே?"

"அதுவும் பொய்ம்மா. பிஸ்கட்தான்."

"க்ளாஸ் போகலைன்னா போகட்டும், அத அப்புறம் பாத்துக்கலாம். ஒரு மாசம் பிஸ்கட்டத் தின்னுட்டு, சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு பெத்தவகிட்டயே புளுகியிருக்கியேடி!" பத்து நிமிஷம் பிஸ்கட்டைப் பற்றியே திட்டு விழுந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா அக்காவிடம் பேச வேண்டும் என்றார்.

"நீங்களாவது சாப்பிட்டீங்களா?" என்றுதான் தொடங்கினார். அப்புறம் குரல் இறங்கியது. "எங்கிட்டச் சொல்லக்கூட பயப்படற மாதிரி வளத்துட்டேனாம்மா?"

"இல்லம்மா. தனக்கு வழி தெரியாம இருந்தப்பவும், வழி கேட்டவங்களுக்கு எழுந்து வந்து வழி சொன்ன பொண்ணு. நல்லாத்தான் வளத்திருக்கீங்க."

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வருவதாகச் சொன்னார். சொன்னபடியே மூன்றடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து, மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று பாடத்தில் இரண்டில் நன்றாகத் தேறினாள். மூன்றாவதில் மயிரிழையில் தப்பித்தாள். நடுவில் ஒரு திங்கட்கிழமை மறுபடி படுக்கையை விட்டு எழவில்லை. ஆனால் அன்று மத்தியானமே தானாகப் போன் செய்து, "அக்கா, இன்னிக்கு முடியல, நாளைக்கு வர்றேன்" என்றாள். அக்கா கோப்பில் அந்த வரியை அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

அடுத்த பருவத்தின் இரண்டாவது வாரம், வேறொரு மாணவனின் காகிதத்தோடு ஆய்வகப் பக்கம் போன அக்கா, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பேராசிரியருக்குப் புது மெஷின் வந்துவிட்டது போல. அவர் சாதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தப் பெண்தான் அவரிடம் கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டிருந்தாள்.

"சார், அளவு சரிதான் சார், நான் ரெண்டு தடவ பாத்தேன்!" என்ற குரல் தாழ்வாரம் வரைக்கும் கேட்டது.

"கத்தாதம்மா, காது கேக்குது" என்றார் பேராசிரியர்.