மயில்கழுத்துப் பட்டு

இந்தப் பட்டு ஒருநாளும் நனைந்ததில்லை.

மடியில் கிடந்த மயில்கழுத்து நிறச் சேலையைத் தடவியபடி இருதயமேரி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். உறையூரில் வெள்ளம் வந்து போய் மூன்றாவது வருஷம். அன்று நனைந்த சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி, தெருப் பெண்கள் ஒரு பெரிய துணிச் சித்திரம் தைத்துக்கொண்டிருந்தார்கள். காவேரி, உய்யக்கொண்டான் வாய்க்கால், தூரத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம். திறந்து வைக்கக் கலெக்டர் வருகிறார்.

"நடுவுல இதுதான் காவேரியா ஓடணும், மேரி," என்றாள் மாடிவீட்டு ஜெகதாம்பாள். "உன் கை பட்டாத்தான் தண்ணி மாதிரி வளையும். உன் தங்கச்சி ரோசரி நெனைப்பாத்தான் குடுக்குறேன்."

"அப்ப ரோசரியோட தாவணி?"

"அதுல சேத்து நாத்தம் இன்னும் போகலையேடி. கலெக்டர் ரிப்பன வெட்டுவாரா, மூக்கப் பொத்துவாரா? அடித்துணியா வச்சுத் தச்சிடு."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

வெள்ளம் வந்த அன்று தெருவே ஜெகதாம்பாள் வீட்டு மாடியில்தான் ஒண்டியிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கழுத்தளவுத் தண்ணீரில் ரோசரி. கைக்குக் கிடைத்த சேலைகளையெல்லாம் முடிந்து கயிறாக விட்டார்கள். இன்னும் ஒரு சேலை நீளம் குறைந்தது. ஜெகதாம்பாள் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கல்யாணப் பட்டுங்க. சேறு பட்டா அவ்வளவுதான்." அவளிடமிருந்து சாவியைப் பிடுங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர் ஜன்னலில் கம்பி மட்டும் இருந்தது.

இருதயமேரி பட்டைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து ஜெகதாம்பாளின் மடியில் வைத்தாள்.

"எனக்கு இது தைக்க வராதுங்கக்கா."

ஜெகதாம்பாளுக்கு முகம் கறுத்தது. "என் பட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதா? அன்னைக்கு நீயும்தான் ஒரு சேலை உடுத்தியிருந்தே. ஆம்பளைங்க நிக்குறாங்கன்னு இழுத்துப் போத்திக்கிட்டியே, அது துணி இல்லையா?"

ஊசிகள் நின்றன. இருதயமேரி தினம் சேலை உடுத்தும்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுதான். அதை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்க நேரும் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

"ஆமாங்கக்கா," என்றாள். "அதான் அந்தச் சேலையையும் நான் இதுக்குக் கொண்டாரல."

அடித்துணிக் குவியலிலிருந்து தாவணியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.